முப்பதாயிரத்தில் ஒரு ரிசீவர், கடற்கரை வீட்டுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் என்று எங்கள் கரையோரத்தில் புதுவீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் ஹாலில் டிவிக்கென்று ஒரு சுவரையே ஒதுக்கிவிடுகிறார்கள். 55 இஞ்ச் டிவி வருகிறது. சுற்றிலும் பிவிசி பேனல், அதற்குள் எல்ஈடி விளக்கு. எல்லாம் முடிந்து படம் போட்டால், ஹீரோ என்ன பேசுகிறார் என்பதுதான் கேட்காது. டிவி மெலிய மெலிய அதன் ஸ்பீக்கர் பின்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் போய்விட்டது. சுவரைப் பார்த்துப் பேசுகிற ஸ்பீக்கரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? சண்டைக்காட்சியில் சத்தத்தைக் குறை, வசனம் வந்தால் கூட்டு என்று ரிமோட்டோடு மல்லுக்கட்டி அலுத்த பிறகுதான் ஹோம் தியேட்டர் ஞாபகம் வரும். எனக்கு போன் வரும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை வாட்ஸ் எடுக்கலாம்ணே?"

வாட்ஸைப் பிறகு பார்ப்போம் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. மைக்செட் பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா. திருவிழா என்றால் பாக்ஸ் அடுக்கி நெஞ்சு அதிர வேண்டும். ஆனால் பதினைந்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் கந்தூரி நடத்தப் போவதில்லை. உங்களுக்கு வேண்டியது வசனம் தெளிவாகக் கேட்பது, பின்னால் மழை பெய்தால் பின்னால் பெய்வது, பாட்டு வந்தால் பாட்டாக இருப்பது. முப்பதாயிரத்தை ஒட்டிய ரிசீவர், அதாவது டிவியின் சத்தத்தை வாங்கிப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி, இதையெல்லாம் நன்றாகவே செய்யும். இந்த உப்புக் காற்றையும் இந்தக் கரண்டையும் அது தாங்குமா என்பதைத்தான் எங்கள் பக்கத்துக்காரர்கள் யோசிக்க வேண்டும். கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார்.

வாட்ஸ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 130 வாட்ஸ் என்றிருக்கும். அதே ரிசீவரின் கையேட்டில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் 70 வாட்ஸ் என்றிருக்கும். இரண்டுமே பொய்யில்லை. ஒரே ஒரு சேனலை (ஒரு ஸ்பீக்கருக்கான வழியை) மட்டும் ஓட்டி, 6 ஓம் ஸ்பீக்கரில், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை மட்டும் கொடுத்து, 10 சதவீதம் சிதைகிற வரை முறுக்கிப் பார்த்தால் 130. இரண்டு சேனலைச் சேர்த்து ஓட்டி, 8 ஓமில், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழுக்கக் கொடுத்து, சிதைவு 0.08 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்தால் 70. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. அமெரிக்காவில் இந்த வாட்ஸ் புளுகு தாங்காமல் 1974-லேயே ஆம்ப்ளிஃபயருக்கென்று தனி விதி போட்டார்கள். நம் ஊரில் 'பிஎம்பிஓ' (நொடிப்பொழுது உச்ச வாட்ஸ்) என்று ஆயிரக்கணக்கில் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளை விற்றுத் தீர்த்தார்கள், யாரும் கேட்கவில்லை.

அந்த 70-க்கும் 100-க்கும் என்ன வித்தியாசம் என்றால், ஒன்றரை டெசிபல். பக்கத்தில் இருக்கிறவர் சொன்னால்தான் தெரியும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதே 3 டெசிபலை, சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்ஸில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 87 உள்ள ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 உள்ளதை வாங்கினால் செலவே இல்லாமல் பெற்றுவிடலாம். அதனால் நான் எப்போதும் சொல்வது: ரிசீவரில் மிச்சம் பிடித்து சென்டர் ஸ்பீக்கரில் போடுங்கள். 5.1-ல் (ஐந்து ஸ்பீக்கரும் பாஸுக்கென்று ஒரு சப்வூஃபரும்) வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் பதிவாகியிருக்கும். அந்த ஒரு ஸ்பீக்கர் சொத்தை என்றால் மற்ற நான்கும் சேர்ந்து இரைச்சல்தான். 

அடுத்தது ஐந்தா ஏழா. கூரையிலிருந்து சத்தம் வரும் அட்மாஸ் வேண்டும் என்று பையன்கள் கேட்பார்கள். அதே பட்ஜெட்டில் 7.2 ரிசீவர் வாங்கி, மிச்சக் காசில் ஏழு சில்லறை ஸ்பீக்கர் மாட்டுவதைவிட, ஐந்து உருப்படியான ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள 5.1 மேல். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிற ஹாலில் பின்னால் கூடுதலாக இரண்டு ஸ்பீக்கர் வைக்க இடமும் கிடையாது. காதுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி, முன்னிருந்து அளந்தால் 110 டிகிரியை ஒட்டி சரவுண்ட் ஸ்பீக்கர் இருக்க வேண்டும் என்பது 5.1-க்கான பொது வரைமுறை. அதற்கே சோபாவைக் கொஞ்சம் முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். இழுங்கள். வீட்டில் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இந்த விலையில் யமஹா ஆர்எக்ஸ்-வி385, டெனான் ஏவிஆர்-எக்ஸ்250பிடி இரண்டும் ரொம்ப நாளாகப் பேசப்படுகிறவை. இரண்டுமே 5.1, இரண்டிலும் ப்ளூடூத், டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ துளையில் 'ஆர்க்'. அந்த ஆர்க் இல்லாத பழைய ரிசீவரை யாராவது சல்லிசாகக் கொடுத்தாலும் கொஞ்சம் யோசியுங்கள், ஏனென்றால் இன்று படம் பார்ப்பது டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில்தான். டிவியிலிருந்து சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-ஓடு வந்த ஆர்க் அதைத்தான் செய்கிறது. ஆப்பில் வரும் டால்பி 5.1-க்கு அது போதும். இ-ஆர்க் ப்ளூரே போல அழுத்தாத பெரிய ஒலிக்குத் தேவை. வெறும் ஆப் பார்க்கிறவர் அதற்கென்று பத்தாயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண்.

இங்கே ஒரு சங்கதி. "சரவுண்ட் வேலையே செய்யலண்ணே, பின்னாடி ஸ்பீக்கர் செத்துப் போச்சு" என்று வரும் போன்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கர் சாகவில்லை. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' என்று கிடக்கும். பிசிஎம் என்றால் ஆர்க் வழியாக இரண்டு சேனல்தான் போகும். அதை 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றினால் ரிசீவர் முகப்பில் டால்பி என்று எழுத்து வரும், பின்னால் இருப்பவை உயிர்பெறும். சில டிவிகள் டால்பியைக் கடத்தும், டிடிஎஸ் என்ற இன்னொரு சரவுண்ட் வகையைக் கடத்தாது. பென்டிரைவில் படம் வைத்திருப்பவர்கள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் ஒரு மீடியா பிளேயரை நேராக ரிசீவரிலேயே சொருகிவிடுவது நல்லது.

இனி எங்கள் ஊர் சமாச்சாரம். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் வீட்டுக்கு ஒருபுறம் வடகடல், மறுபுறம் தென்கடல். வாடை அடித்தால் அந்தப் பக்கத்து உப்பு, கச்சான் காற்று அடித்தால் இந்தப் பக்கத்து உப்பு. வருஷம் முழுக்க ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்க்கிறோம், ரிசீவருக்குள் மட்டும் அது போகாது என்று எப்படி நம்புகிறோம்? உப்புத் தூசி சர்க்யூட் பலகை மேல் படியும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். எங்கள் கரையில் இரவானால் அந்த அளவு சர்வசாதாரணம். மண்டபத்தில் ஒரு வீட்டில், ஒரு பக்கம் பாடி மறுபக்கம் பாடாத ஒரு செட்டைத் திறந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துச் சூட்டில் பலகை சுத்தமாக இருந்தது. ஸ்பீக்கர் டெர்மினல் பக்கம் மட்டும் பச்சையாகக் களிம்பு பூத்து, ரிலேயின் கால்களில் உப்பு பொரிந்து நின்றது. பின்னால் செருகியிருந்த வயரின் முனையை இழுத்தேன், கருகிய நார்போல உதிர்ந்தது. இரண்டு இஞ்ச் வெட்டித் தள்ளி, புதுசாகச் சீவி, ரிலேயை மாற்றியதும் இரண்டு பக்கமும் பாடியது.

சூடு இருந்த இடம் பிழைத்தது, குளிர்ந்த இடம் அரித்தது. அதனால் மழை மாதத்தில் ரிசீவரைத் துணி போட்டு மூடி வைப்பதைவிட தினம் ஒரு மணி நேரமாவது ஓட விடுவது நல்லது. சீசனுக்குக் கடலுக்குப் போய்விட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் மட்டும் படம் பார்க்கிற வீடுகளில் செட் சீக்கிரம் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஓடுகிறபோது மேலே நாலு விரற்கடையாவது இடம் வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் அடைத்தால் உப்பு கொல்வதற்கு முன்னால் சூடு கொன்றுவிடும்.

வயர் வாங்கும்போது பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், சுரண்டினால் உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. எங்கள் காற்றில் அது நிற்காது. வெளியே வெள்ளை, சுரண்டினால் செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. படகுக்காரர்கள் தேடி வாங்குவது அதைத்தான், கிடைத்தால் விடாதீர்கள். சாதாரண வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் செம்பு வயரே பத்து மீட்டர் தூரத்துக்குத் தாராளம். போகவர இருபது மீட்டருக்கு அதன் தடை கால் ஓமைத் தொடாது. மீட்டர் நூறு ரூபாய்க்கு மேல் சொல்லும் 'ஆடியோ' வயரில் இதைவிட அதிகமாக ஒன்றும் இல்லை.

வீடு இன்னும் பூச்சு வேலையில் இருக்கிறதென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி டிவி இடத்திலிருந்து ரிசீவர் இடத்துக்கும், பின்பக்க இரண்டு மூலைகளுக்கும் பைப் போட்டுவிடுங்கள். ஸ்பீக்கருக்கு முக்கால் இஞ்ச் போதும். எச்டிஎம்ஐ கேபிளின் தலை முக்கால் இஞ்சில் நுழையாது. அதற்கு ஒன்றேகால் போடுங்கள், வளைவைத் தாராளமாக விடச் சொல்லுங்கள். "அதெல்லாம் நுழையும் சார்" என்பார். பைப் துண்டையும் கேபிளையும் கையில் கொடுத்து நுழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கரண்டு. காகிதத்தில் 230 வோல்ட். தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் குப்பத்தில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் இரவு நேரத்தில் மீட்டர் வைத்தால் எவ்வளவு காட்டும் என்று உங்கள் ஃப்ரிட்ஜைக் கேளுங்கள். ஒரு சின்ன ஸ்டெபிலைசர் கட்டாயம். அதில் கரண்டு வந்த பிறகு இரண்டு மூன்று நிமிஷம் நிறுத்திக் கொடுக்கும் வசதி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் கரண்டு போய் வரும் அந்த நொடிதான் ஆபத்து. இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன்வேவ் இன்வெர்ட்டர் வேண்டும்; சதுர அலைக்காரனில் டிரான்ஸ்ஃபார்மர் முனகும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் பிடுங்குங்கள். அந்த வழியாக செட்டாப் பாக்ஸில் இறங்கி, எச்டிஎம்ஐ வழியாக ரிசீவரின் பலகையைச் சுட்டுவிடும். ஆம்ப் பகுதி போனால் உள்ளூரில் சரிசெய்யலாம். எச்டிஎம்ஐ பலகை போனால் புதுப்பலகைதான், பாதி ரிசீவர் விலை.

வெளிநாட்டுச் செட் எங்கள் பக்கம் ஏராளம். கீழக்கரையிலும் தொண்டியிலும் வளைகுடாவிலோ மலேசியாவிலோ ஆள் இல்லாத தெரு அபூர்வம். ஜித்தாவிலிருந்து மொத்தமாகத் திரும்பிய ஒரு காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), யமஹா ரிசீவர் ஒன்றை அட்டைப்பெட்டியோடு இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"பிளக் மட்டும் மாத்திட்டா போதும்ல தம்பி?"

"இருங்க காக்கா, பின்னாடி பாத்துருவோம்."

பின்பக்கம் கரண்டு வயருக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு சின்னத் திருகு, நடுவில் ஸ்க்ரூடிரைவர் நுழையும் பள்ளம். அதன் அம்பு 110-120 என்பதில் நின்றது. சவூதியில் சில பழைய வீடுகளில் 127 வோல்ட் உண்டு, அதற்காக யாரோ திருப்பியிருக்கிறார்கள். அப்படியே எங்கள் 230-ல் சொருகியிருந்தால் புகைதான் முதலில் பேசியிருக்கும். அம்பை 220-240-க்குத் திருப்பினேன். "இது தெரியாம சொருகப் பாத்தேனே" என்று காக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பல நாடுகளுக்குச் சேர்த்துச் செய்யும் மாடல்களில்தான் இந்தத் திருகு இருக்கும். இல்லாதவற்றில் லேபிளைப் படிக்க வேண்டும். '230V 50/60Hz' என்று இருந்தால் கவலையில்லை. துபாய், சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் நம்மைப்போல 50 ஹெர்ட்ஸ்தான். சவூதி 60 ஹெர்ட்ஸ். லேபிளில் 60 மட்டும் போட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே சூடேறி ரீங்காரம் போடும். அமெரிக்காவிலிருந்து தம்பி அனுப்பிய 120 வோல்ட் செட்டுக்குத் தனியாக ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் எடையைத் தூக்கும்போதே அன்பு குறைந்துவிடும். வாரண்டி இங்கே பெரும்பாலும் செல்லாது என்பதையும் கணக்கில் சேருங்கள். 

வாரண்டி என்றதும் அடுத்தது. கம்பெனி செட் கெட்டால் பல சமயம் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ராமநாதபுரத்திலிருந்தே நூறு கிலோமீட்டருக்கு மேல். அதனால்தான் மதுரை டவுன்ஹால் ரோட்டில் சாமான் வாங்கிக் கட்டும் அசெம்பிள் ஆம்ப்புக்கு இங்கே இன்னும் மவுசு. நான் அதை இளக்காரமாகப் பேசமாட்டேன். 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி எந்த ஊரிலும் கிடைக்கும், ஐசி என்றால் 7294, எரிந்தால் மறுநாளே மாற்றிவிடலாம். டிவியின் ஆப்டிக்கல் அவுட்டை எடுக்கும் டிகோடர் பலகை ஒன்றைச் சேர்த்தால் டால்பியும் டிடிஎஸ்ஸும் பிரிந்து வரும். ரிசீவர் விலையில் பாதிக்குள் முடியும். ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து தாமதம் கொடுப்பது, பாஸை எந்த இடத்தில் வெட்டி சப்வூஃபருக்கு அனுப்புவது, அறை எழுப்பும் எதிரொலியை ஓரளவு சமன்செய்வது, இதெல்லாம் அதில் வராது, வந்தாலும் அரைகுறை. பாட்டு மட்டும் கேட்கிறவருக்கும், பட்ஜெட் பதினைந்தாயிரத்தைத் தாண்டாதவருக்கும் நல்ல மேஸ்திரி கையால் கட்டிய அசெம்பிள் செட்டையே சொல்வேன். படத்துக்கென்றால் ரிசீவர்.

பழைய டிவிடி ஹோம் தியேட்டரின் ஸ்பீக்கர்கள் வீட்டில் கிடக்கின்றன, அவற்றையே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். பின்னால் 3 ஓம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், பலவற்றில் இருக்கும். 6 ஓமுக்குக் குறையக்கூடாது என்று சொல்லும் ரிசீவரில் அதை மாட்டினால் சத்தம் ஏற்றும்போது புரொடெக்ட் என்று காட்டி அணைந்துவிடும். அணைந்தால் நல்லது. அணையாமல் இருந்தால்தான் பயம்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல் என்றால் எந்த ரிசீவரும் கோயில் மண்டபம்தான். முன் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை. கோரைப்பாய் மெல்லிசு, அது பெரிதாக உதவாது.

எல்லாம் மாட்டிய பிறகு பெட்டியில் வரும் குட்டி மைக்கைத் தூக்கி எறியாதீர்கள். யமஹாக்காரன் அதற்கு ஒய்பாவோ என்று பெயர் வைத்திருக்கிறான், டெனானின் பெரிய மாடல்களில் ஆடிஸி. உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு மைக்கை வைத்து, ஃபேனை நிறுத்தி, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அளக்க விடுங்கள். காற்று சுழற்றி அடிக்கும் நாளில் அளந்தால் ஜன்னல் இரைச்சலையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடும். விடியற்காலை தோதான நேரம். முடிந்ததும் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். முன் ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று அது முடிவு செய்திருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, பாஸை வெட்டிப் பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். சின்ன ஸ்பீக்கர் பாஸோடு போராடுவது நிற்கும், அதைச் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். பிறகு சென்டரை மட்டும் 2 டெசிபல் ஏற்றிவிட்டு, பாட்டில்லாத, ஆட்கள் மெதுவாகப் பேசுகிற ஒரு காட்சியைப் போடுங்கள். அடுப்படியில் இருப்பவருக்கும் வசனம் புரிகிறதென்றால் செட்டிங்கை அதோடு விட்டுவிடலாம்.